பதினொன்று ஏமாறாது

வித்தியாசம் 180 ரூபாய்.

தீபாவளி வியாபாரம் முடிந்த மறு வாரம். கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அன்றாடக் கணக்கு எழுதும் சிட்டையையும், அதிலிருந்து எடுத்து எழுதும் பேரேட்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. சிட்டையின் கூட்டுத்தொகை ஒன்று, பேரேட்டின் கூட்டுத்தொகை வேறொன்று. காலையில் தொடங்கி இரவு எட்டு மணி வரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். கண் எரிந்ததுதான் மிச்சம்.

பெரிய கணக்குப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"எவ்வளவு தம்பி இடிக்குது?"

"நூத்தியெண்பதுங்கய்யா."

"ஒன்பதால போகுதா?"

"போகுதுங்கய்யா. இருபது தடவை."

"அப்ப அநேகமா கூட்டல்ல தப்பு இருக்காது. எடுத்து எழுதும்போது ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். நூறாம் இடமும் பத்தாம் இடமும். அந்த ரெண்டு இலக்கத்துக்கும் ரெண்டு வித்தியாசம் இருக்கும். அப்படிப்பட்ட வரியை மட்டும் பாரு."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிட்டையில் 5,643 என்று இருந்ததைப் பேரேட்டில் 5,463 என்று எழுதியிருந்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேரேட்டைத் தொடாமல், பக்கத்தைப் புரட்டாமல், வாசலில் நின்றபடியே இவருக்கு எப்படித் தெரிந்தது?

கேட்டேன். அவர் சொல்லவில்லை. "ஏன்னு யோசிச்சிட்டு வா. நாளைக்குக் கேக்கறேன்" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று இரவு மகாமகக் குளத்துப் படியில் உட்கார்ந்து செங்கல் துண்டால் எழுதி எழுதி அழித்தேன். நூறாம் இடத்தில் இருந்த 6, பத்தாம் இடத்துக்கு இறங்கினால் 600 என்பது 60 ஆகிறது, 540 நஷ்டம். பத்தாம் இடத்தில் இருந்த 4, நூறாம் இடத்துக்கு ஏறினால் 40 என்பது 400 ஆகிறது, 360 லாபம். இரண்டுக்கும் நடுவே நிற்பது 180. நூறுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம் 90. அதை இலக்கங்களின் வித்தியாசமான 2ஆல் பெருக்கினால் 180. எந்த இரண்டு பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் 9, 90, 900 என்று ஒன்பதின் வாடை அடித்தே தீரும்.

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் முதல் பாடம் அந்தப் படிக்கட்டில் கிடைத்ததுதான். ஒரு வித்தை கையில் கிடைத்தால் அதை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அன்றிரவே அதைப் பிரித்துப் பாருங்கள். காரணம் தெரியாத வித்தை இரவல் நகை மாதிரி. நாலு பேர் நடுவே போட்டுக்கொள்ளலாம். ஒரு கஷ்டத்துக்கு அடகு வைக்க முடியாது.

ஆனால் அந்த ஒன்பதே ஒருநாள் என் காலை வாரிவிட்டது.

அடுத்த ஆண்டு, வெளியூர் வியாபாரி ஒருவருக்கு 347 நூல் சேலை, சேலை 23 ரூபாய் விலையில் பில் போட்டேன். அந்தக் காலத்தில் பெருக்கல் எல்லாம் கைக்கணக்குதான். விடையைச் சரிபார்க்க ஒன்பது முறை என்று ஒன்று உண்டு. 347இன் இலக்கங்களைக் கூட்டினால் 14, மறுபடி கூட்டினால் 5. 23ஐக் கூட்டினால் 5. ஐயைந்து இருபத்தைந்து, அதைக் கூட்டினால் 7. விடையின் இலக்கங்களைக் கூட்டினாலும் 7 வர வேண்டும். என் விடை 7,891. கூட்டினேன், 25. மறுபடி கூட்டினேன், 7. சரியாகிவிட்டது என்று பில்லைக் கிழித்துக் கொடுத்தேன். வியாபாரியும் பணம் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

சரியான விடை 7,981. அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் 25தான், 7தான். இடம் மாறிய பிழை எப்போதும் ஒன்பதின் மடங்காக இருக்கும் என்று குளத்துப் படியில் கண்டுபிடித்தவன் நான்தானே! அப்படியானால் ஒன்பதை வைத்துச் சோதித்தால் அந்தப் பிழை கண்ணில் படவே படாது என்பதை யோசிக்காமல் விட்டேன். பிழை நடந்தபின் அதைத் தேடித் தந்த அதே ஒன்பதுதான், பிழை நடக்கும்போது அதை மறைத்தும் வைத்தது.

மாதக் கடைசியில் இருப்புக் கணக்கு எடுத்தபோதுதான் ரொக்கத்தில் 90 ரூபாய் குறைவது தெரிந்தது. சம்பளம் 120 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த காலம். வீட்டில் இரண்டு தங்கைகள். பயந்துவிட்டேன். பயத்தில் செய்யக்கூடாததைச் செய்தேன். வண்டிச் சத்தத்தில், அதாவது வண்டி வாடகையில் 20, சணலில் 15, தபாலில் 10, சில்லறைச் செலவில் 25, ஆள் கூலியில் 20 என்று அந்தத் தொண்ணூறை ஐந்து இடங்களில் பிரித்து எழுதிக் கணக்கை நேராக்கிவிட்டேன். எந்த இடத்திலும் அது பெரிதாகத் தெரியவில்லை. எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் பெரிய கணக்குப்பிள்ளை பேரேட்டைப் புரட்டினார். வண்டிச் சத்தம் என்ற வரியில் விரல் நின்றது. "இந்தத் தேதியில மழை. வண்டியே வரல்லையே தம்பி" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதற்குமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஐந்து வரிகளையும் அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு அடித்தலுக்குப் பக்கத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த ஐந்தைத் தொட்டதால் கீழே மாறிய கூட்டுத்தொகைகள், அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோன தொகைகள், ரொக்க இருப்பு என்று எல்லாவற்றையும் திருத்தி முடிக்க நள்ளிரவு ஆகிவிட்டது. கடைசியில் புதிதாக ஒரே ஒரு வரி எழுதச் சொன்னார். என் பெயர், "பில் பிழை", ரூபாய் 90. மறுநாள் முதலாளியிடம் அவரே பேசினார். மாதம் 10 ரூபாய் வீதம் ஒன்பது மாதம் சம்பளத்தில் கழிந்தது.

அந்த நள்ளிரவில் விளக்கை அணைக்கும் முன்பு, ஒரு தாளை எடுத்து எனக்குப் பதினொன்று முறையைச் சொல்லிக்கொடுத்தார். திட்டி அனுப்ப வேண்டிய நேரத்தில் எதற்குக் கணக்குப் பாடம் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

முறை இதுதான். வலது ஓரத்து இலக்கத்தில் தொடங்கி, ஒன்றைக் கூட்டு, அடுத்ததைக் கழி, அதற்கடுத்ததைக் கூட்டு. 347க்கு 7−4+3, விடை 6. 23க்கு 3−2, விடை 1. இரண்டையும் பெருக்கினால் 6. இனி விடையைச் சோதிப்போம். 7,981க்கு 1−8+9−7, அதாவது −5. கழிவாக வந்தால் 11ஐச் சேர்த்துக்கொள், 6. பொருந்துகிறது. நான் போட்ட 7,891க்கு 1−9+8−7, அதாவது −7. பதினொன்றைச் சேர்த்தால் 4. பொருந்தவில்லை. ஒன்பது கோட்டை விட்ட பிழையைப் பதினொன்று பிடித்துவிட்டது.

கூட்டிக் கழிப்பது ஏன் என்று கேட்பீர்கள். 10 என்பது 11க்கு ஒன்று குறைவு. 100 என்பது பதினொன்றின் மடங்கான 99க்கு ஒன்று அதிகம். 1,000 என்பது பதினொன்றின் மடங்கான 1,001க்கு ஒன்று குறைவு. குறைவு, அதிகம், குறைவு, அதிகம். அதனால்தான் கழி, கூட்டு, கழி, கூட்டு.

பக்கத்து இலக்கங்கள் இடம் மாறிய எந்தப் பிழையும் பதினொன்றிடமிருந்து தப்பாது. ஏன் என்று நான் தெரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின. இங்கேதான் பகா எண்களின் குணம் வருகிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

6 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4ஐ வகுக்காது. 9ஐயும் வகுக்காது. ஆனால் இரண்டையும் பெருக்கி வரும் 36ஐ வகுத்துவிடும். எப்படி? 6 என்பது 2, 3 என்ற இரண்டின் பெருக்கல். ஒரு 2 நாலுக்குள் இருந்தும், ஒரு 3 ஒன்பதுக்குள் இருந்தும் வந்து, இரண்டும் ஒன்றுசேர்ந்து ஆறாகிவிடுகின்றன. பாதி இங்கே, பாதி அங்கே. பகா எண்ணுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள், பகா எண், பகுபடாத எண். ஒரு பெருக்கல் விடையைப் பகா எண்ணான 11 வகுக்கிறது என்றால், பெருக்கிய எண்களில் ஏதாவது ஒன்றை அது வகுத்தே ஆக வேண்டும். துண்டு துண்டாக நுழைந்து உள்ளே போய் ஒன்றுகூட அதற்கு வழியே இல்லை. யூக்ளிட் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் தன் நூலின் ஏழாம் பகுதியில் இதை நிரூபித்து வைத்திருக்கிறார்.

இப்போது இடம் மாறிய பிழையைப் பாருங்கள். அது மூன்று எண்களின் பெருக்கல்: ஒன்று 9, இன்னொன்று 1, 10, 100 என்ற இடமதிப்பு, மூன்றாவது இரண்டு இலக்கங்களின் வித்தியாசம். 11ஆல் 9ஐ வகுக்க முடியாது. 10, 100 எல்லாம் இரண்டும் ஐந்தும் பெருகி வந்தவை. அவற்றையும் வகுக்க முடியாது. இலக்க வித்தியாசம் ஒன்பதுக்கு மேல் போகாது. மூன்றில் எதற்குள்ளும் 11 இல்லை. ஆகவே பெருக்கலிலும் இல்லை. பிழை பூஜ்யமாக வேஷம் போட முடியாது.

உங்கள் வீட்டுப் புத்தக அலமாரியிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2007க்கு முன் அச்சான பல புத்தகங்களின் பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் என்ற பத்து இலக்கப் புத்தக அடையாள எண் இருக்கும். சிலவற்றில் கடைசியில் இலக்கத்துக்குப் பதில் எக்ஸ் என்ற எழுத்து நிற்கும். அது 10 என்பதற்கான குறி. அந்த எண்ணைச் சோதிப்பது 11ஐக் கொண்டுதான். எந்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். 2007இல் வந்த பதின்மூன்று இலக்க எண்ணைச் சோதிப்பது 10. அங்கே 1, 6 போல ஐந்து வித்தியாசமுள்ள பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் தெரியாது. சோதிக்கும் முறையிலிருந்து ஒரு 2 வருகிறது, இலக்க வித்தியாசத்திலிருந்து ஒரு 5 வருகிறது, இரண்டும் சேர்ந்து பத்தாகிப் பிழையை விழுங்கிவிடுகின்றன. அங்கேயும் பாதி இங்கே, பாதி அங்கே.

போன கோடை விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. "தாத்தா, ஏதாவது ட்ரிக் சொல்லுங்க" என்றாள். மூன்று இலக்க எண் ஒன்றை நினைத்து, அதையே பக்கத்தில் இன்னொரு தடவை எழுதச் சொன்னேன். 582 நினைத்தாள், 582582. "ஏழால் வகு, மீதி வராது" என்றேன். 83,226 வந்தது. "அதைப் பதினொன்றால் வகு." 7,566. "அதைப் பதின்மூன்றால் வகு." பென்சிலை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். 582.

"எப்படி தாத்தா?"

"யோசிச்சிட்டு வா. நாளைக்குக் கேக்கறேன்."

மறுநாள் காலையில் காபி ஆறுவதற்குள் வந்துவிட்டாள். "ரெண்டு தடவை எழுதறது 1001ஆல பெருக்கறதுதான் தாத்தா. 7, 11, 13 மூணையும் பெருக்கினா 1001." அதோடு நிற்கவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு இலக்க எண்ணை மூன்று தடவை எழுதினால் அது 10,101ஆல் பெருக்குவதற்குச் சமம். 10,101 என்பது 3, 7, 13, 37 நான்கின் பெருக்கல். 46 நினைத்தால் 464646. மூன்றால் வகுத்தால் 1,54,882, ஏழால் 22,126, பதின்மூன்றால் 1,702, முப்பத்தேழால் 46. இது நான் சொல்லிக்கொடுக்காதது. அவளே படைத்த வித்தை. காரணத்தைக் கண்டுபிடித்தவளுக்கு ஒன்று கொடுத்தால் இரண்டாகிறது. எனக்கு அன்று கண் நிறைந்துவிட்டது.

அன்று மாலை அவளைச் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை இராமானுஜன் வாழ்ந்த வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவருடைய அப்பாவும் என்னைப் போல ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிய குமாஸ்தாதான். இராமானுஜனும் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா. பின்னாளில் லண்டனில் அவர் நோயாகக் கிடந்தபோது பார்க்கப் போன கணிதவியலாளர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729 என்றும், அது சுவாரசியமில்லாத எண் என்றும் சொன்னார். அதன் காரணிகள் 7, 13, 19 என்பதும் ஹார்டிக்குத் தெரியும். பிரித்துப் பார்த்தும் அவருக்கு அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. இராமானுஜனோ, இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். 1இன் கனமும் 12இன் கனமும். 9இன் கனமும் 10இன் கனமும். பெருக்கலாகப் பிரித்துப் பார்த்தவருக்குத் தெரியாதது, கூட்டலாகச் சேர்த்துப் பார்த்தவருக்குத் தெரிந்தது. மனிதர்களையும் ஒரே ஒரு கோணத்தில் பார்த்துவிட்டு "இவ்வளவுதான்" என்று ஒதுக்கிவிடாதே என்று பேத்தியிடம் சொன்னேன்.

திரும்பி வரும் வழியில், "பெருக்கறது சுலபமா இருக்கு, காரணி கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்" என்றாள். அவளுக்குக் கோல் என்ற அமெரிக்கக் கணித ஆசிரியரின் கதையைச் சொன்னேன். இரண்டை 67 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 21 இலக்கமுள்ள ஓர் எண் வரும். அது பகா எண் என்று 1644இல் மெர்சென் என்ற கணிதவியலாளர் சொன்னார். இல்லை என்று 1876இல் லூக்கா என்ற இன்னொரு கணிதவியலாளர் நிரூபித்தார். ஆனால் காரணிகள் யாருக்கும் கிடைக்கவில்லை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் கோல் கரும்பலகைக்குப் போனார். ஒரு பக்கம் அந்த எண்ணை எழுதினார். மறுபக்கம் 193707721 என்பதையும் 761838257287 என்பதையும் எழுதி, பள்ளிப் பிள்ளை போலப் பெருக்கிக் காட்டினார். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தன. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார். சபை கைதட்டியது. எவ்வளவு நாள் பிடித்தது என்று பின்னாளில் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

பெருக்கிச் சேர்க்க ஒரு மணி நேரம் போதும். பிரித்தெடுக்க மூன்று வருடம் வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வை நம்பித்தான் 1977இல் வந்த ஆர்எஸ்ஏ முறை, ரகசியச் செய்திகளுக்குப் பூட்டுப் போட்டது. நம் பாட்டிகளுக்கு இது வேறு பாஷையில் தெரியும். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது.

அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அந்தப் பழைய நள்ளிரவு முழுசாக விளங்கியது. தொண்ணூறு ரூபாயை ஐந்து இடங்களில் கலக்க எனக்குப் பத்து நிமிடம். கலந்ததைப் பிரித்தெடுக்க ஓர் இரவு. அந்தப் பிழையை மறைக்க நான் செய்தது 6 என்ற எண் செய்த வேலை: கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே, எங்கும் முகம் காட்டாமல். பெரியவர் என்னை எழுத வைத்த அந்த ஒற்றை வரி பதினொன்று மாதிரி. என் பெயரில், ஒரே இடத்தில், முழுசாக. அதனால்தான் அன்றைக்கே பதினொன்று முறையைச் சொல்லிக்கொடுத்தார். அறிவுரை என்று ஒரு சொல் சொல்லாமல், ஒரு கணக்கைச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு நாற்பது வருடம் கணக்கு எழுதினேன். பிழைகள் வந்தன, மனிதன்தானே. ஒவ்வொன்றையும் ஒரே வரியில், என் பெயரில் எழுதினேன். எழுதிய அன்று கஷ்டமாக இருக்கும். ஆனால் மறுநாள் யார் பேரேட்டைப் புரட்டினாலும் என் நெஞ்சு படபடத்ததில்லை.

பிள்ளைகளே, நீங்கள் என்னைவிட நிறையப் படிப்பீர்கள். கைப்பேசி உங்களுக்காக எல்லாவற்றையும் பெருக்கும். ஆனால் தவறு செய்கிற நாள் உங்களுக்கும் வரும். அன்று அதைப் பத்து இடத்தில் பிரித்து ஒளிக்கலாம் என்று மனசு சொல்லும். அப்போது ஒரு தாளை எடுத்து, ஒரே வரியாக எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். அந்தத் தாளை யாரிடம் காட்ட வேண்டுமோ, அவரிடம் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.